பெல்லைத் தூக்கினால் என்ன ஆகும்?

கேள்வி இது. இசையமைப்பாளர் மாலரின் முதல் சிம்ஃபனி வீடியோ ஒன்றைப் பார்த்திருக்கிறீர்கள். கடைசிப் பக்கங்களில் ஹார்ன் வாசிக்கிற ஏழு பேரும் திடீரென்று எழுந்து நின்று, வாத்தியத்தின் வாயை, அதாவது பெல்லை, உயரத் தூக்கி ஊதுகிறார்கள். கூடப் பார்த்த உங்கள் அண்ணன், "இதெல்லாம் சும்மா ஷோ, சத்தத்தில் ஒரு மாற்றமும் வராது" என்று சொல்லிவிட்டார். உங்களுக்கு மனம் ஒப்பவில்லை. கூடவே ஒரு நல்ல சந்தேகத்தையும் கேட்டிருக்கிறீர்கள்: ஓபெராவிலும் பாலேயிலும் வாத்தியக்காரர்கள் மேடைக்கு முன்னால் குழியில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் எதைத் தூக்கினாலும் யாருக்கும் தெரியாது, அங்கேயும் பெல்லைத் தூக்கச் சொல்லும் குறிப்பு வருகிறதே, எதற்கு?

அண்ணன் சொன்னதில் ஷோ என்பது உண்மை. மாற்றம் வராது என்பது தவறு. நான் தொழில்முறைக் கலைஞன் இல்லை. வார இறுதியில் கூடுகிற ஓர் அமெச்சூர் இசைக்குழுவில் நான்காம் ஹார்ன் வாசிக்கிறேன். ஆனால் இந்தத் தூக்குகிற வேலையைச் செய்து, அதில் சொதப்பியும் இருக்கிறேன். அந்த உரிமையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வாத்தியத்தைப் பார்த்துவிடலாம். ஆர்கெஸ்ட்ராவில் இருக்கிற ஹார்ன் சுருட்டி வைத்த ஒரு நீளக் குழாய். எஃப் ஹார்னின் குழாயை நிமிர்த்தினால் ஏறக்குறைய 3.7 மீட்டர் வரும். ஒரு முனையில் சிறிய மவுத்பீஸ், இன்னொரு முனையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரிந்த வாய், அதாவது பெல். நாதஸ்வரத்தில் அணசு என்கிறோமே, அதே வேலைதான். வேடிக்கை என்னவென்றால், ஆர்கெஸ்ட்ராவில் கேட்பவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒலிக்கிற பித்தளை வாத்தியம் இது ஒன்றுதான். டிரம்பெட்டும் டிராம்போனும் நேரே உங்களைப் பார்த்து ஊதும். டியூபா கூரையைப் பார்த்து ஊதும். ஹார்னின் பெல் மட்டும் வாசிப்பவரின் வலது தொடை அருகே, பின்னோக்கிச் சாய்ந்து, பாதி அவருடைய சட்டைக்குள்ளும் மீதி பின் சுவரை நோக்கியும் ஊதும். நீங்கள் அரங்கில் கேட்பது பெரும்பாலும் சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பி வந்த ஒலி. ஹார்ன் எப்போதும் கொஞ்சம் தள்ளி, பனிக்கு அப்பால் இருந்து கேட்பது போல இருப்பதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் கை. வலது கை பெல்லுக்குள் இருக்கும். பலர் அது வாத்தியத்தைத் தாங்குவதற்கு என்று நினைக்கிறார்கள். தாங்குவது பாதிதான். உள்ளே இருக்கிற உள்ளங்கை ஒலியின் கூர்மையான மேல் பகுதியை வடிகட்டுகிறது, சுருதியைச் சற்றுக் கீழே இழுத்துப் பிடிக்கிறது, உச்சஸ்தாயிச் சுரங்கள் வழுக்காமல் 'பூட்டிக்கொள்ள' உதவுகிறது. இன்றைய ஹார்ன்களே கை உள்ளே இருக்கும் என்ற கணக்கில்தான் செய்யப்படுகின்றன. கையை எடுத்தால் அது வேறு வாத்தியம்.

இந்த இரண்டையும், பின்னோக்கிய திசையையும் கையையும், சில நொடிகளுக்கு ரத்து செய்யும் கட்டளைதான் நீங்கள் பார்த்தது. ஜெர்மன் ஸ்கோர்களில், அதாவது இசையை எழுதிவைத்த பிரதிகளில், 'ஷால்ட்ரிக்டர் அவுஃப்' என்று இருக்கும். ஒலிப்புனலை மேலே தூக்கு என்று பொருள். பிரெஞ்சில் 'பவியோன் ஆன் லேர்', பெல் காற்றில் இருக்கட்டும் என்பது. ஆங்கிலம் பேசுகிற ஹார்ன்காரர்கள் சுருக்கமாக 'பெல்ஸ் அப்' என்பார்கள். நாம் பெல்லைத் தூக்குவது என்றே வைத்துக்கொள்வோம்.

செய்முறை எளிது மாதிரித்தான் தெரியும். மவுத்பீஸ் உதட்டிலேயே இருக்க, அதை அச்சாக வைத்து மொத்த வாத்தியத்தையும் சுழற்ற வேண்டும். இடது முழங்கை வெளியே போகும், பெல் தொடையிலிருந்து கிளம்பித் தோள் உயரத்துக்கு வரும். உள்ளே இருந்த வலது கை வெளியே வந்து பெல்லின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். இப்படிச் செய்தாலும் பெல் நேராக ரசிகர்களைப் பார்க்காது; பக்கவாட்டிலும் மேலேயும்தான் பார்க்கும். கொஞ்சமாவது முன்னால் திருப்ப வேண்டுமானால் உடம்பை இடப்பக்கம் திருப்ப வேண்டும். வீடியோவில் உங்களைக் குறிபார்ப்பது போலத் தெரிந்ததில் கேமராக் கோணத்துக்கும் பங்கு உண்டு.

சரி, ஒலியில் என்ன ஆகிறது? முதலில் திசை. எந்தப் பித்தளை வாத்தியத்திலும் கீழ் அதிர்வெண்கள் எல்லாப் பக்கமும் பரவும். மேல் அதிர்வெண்கள் டார்ச் லைட் மாதிரி, பெல் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் போகும். ஒலிக்குப் பளபளப்பு கொடுப்பவை இவை. வழக்கமாக இவை சட்டையிலும் தரை விரிப்பிலும் விழுந்து செத்துப்போகும். பெல் மேலே வந்தால் பிழைத்து அரங்குக்குள் வரும். அடுத்தது கை. வடிகட்டியை எடுத்தாயிற்று, ஒலி திறந்து கரடுமுரடாகிறது. மூன்றாவதாக, இந்தக் குறிப்பு ஏறக்குறைய எப்போதும் உச்ச பலத்தில் ஊத வேண்டிய இடத்தில்தான் வரும். நீளக் குழாயில் அவ்வளவு பலமாக ஊதும்போது காற்றலையின் முகப்பு செங்குத்தாகிக்கொண்டே போகும். அதுதான் பித்தளை 'கிழிகிற' அந்த ஓசை. பிரெஞ்சுக்காரர்கள் 'குய்வ்ரே' என்று தனியாகவே பெயர் வைத்திருக்கிறார்கள். கையும் இல்லை, திசையும் மாறிவிட்டது என்றால் அந்தக் கிழிசல் அப்படியே வெளியே வரும்.

ஆகவே சத்தம் கூடுகிறதா என்று கேட்டால், கூடும். ஆனால் அது இரண்டாம் பட்சம். மாறுவது நிறம். தூரத்தில் இருந்த ஆள் சட்டென்று உங்கள் வாசலில் வந்து நிற்பது மாதிரி.

நிறையப் பேர் குழப்பிக்கொள்கிற ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்கோரில் சுரத்தின் மேல் ஒரு சிறிய கூட்டல் குறி இருந்தால் அது இதற்கு நேர் எதிர்: கையால் பெல்லை முழுதாக அடைத்து ஊதுவது. அப்போது மூக்கால் பேசுகிற மாதிரி ஒரு தகர ஓசை வரும், தூரத்தில் யாரோ கோபப்படுவது போல. ஒரே வாத்தியம், ஒரே கை. அடைத்தால் பாதாளம், எடுத்தால் காடு.

காடு என்று சொன்னது அலங்காரத்துக்கு இல்லை. இந்த வாத்தியம் அங்கிருந்துதான் வந்தது. 17-ஆம் நூற்றாண்டு பிரான்சில் குதிரை மேல் வேட்டைக்குப் போகிறவர்கள் வட்டமாகச் சுருட்டிய கொம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்கள். மான் தென்பட்டால் ஓர் அழைப்பு, தண்ணீரில் இறங்கினால் ஓர் அழைப்பு. பெல் பின்னால், மேலே பார்த்திருக்கும், ஏனென்றால் செய்தி போய்ச் சேர வேண்டியது பின்னால் வருகிற கூட்டத்துக்கு. இன்றும் பிரான்சில் வேட்டைக் கொம்புக் குழுக்கள் கச்சேரி செய்யும்போது ரசிகர்களுக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை, பெல் ரசிகர்களைப் பார்க்க வேண்டுமே! (நம் ஊர்க் கோயில் திருவிழாவில் கொம்பு ஊதுகிறவரைப் பார்த்தவர்களுக்கு வாயை வானத்துக்குத் தூக்கி ஊதுவது ஒரு அதிசயமாகவே படாது.)

1680-களின் தொடக்கத்தில் பொஹீமியாவைச் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) சேர்ந்த ஷ்போர்க் என்ற இளம் பிரபு பாரிஸில் இந்தக் கொம்பைக் கேட்டு மயங்கி, தன் ஆட்கள் இரண்டு பேரை அங்கேயே விட்டுக் கற்கவைத்து ஊருக்குக் கூட்டிப்போனார். பின்னாளில் ஐரோப்பாவின் பெரிய ஹார்ன் கலைஞர்கள் பலர் பொஹீமியர்களாக இருந்ததற்கு இது ஒரு விதை. அப்புறம் காட்டுக் கொம்பு மெல்ல அரண்மனைக்குள் நுழைந்தது. 1717 ஜூலை 17-ஆம் தேதி தேம்ஸ் நதியில் அரசர் முதலாம் ஜார்ஜின் படகுக்குப் பக்கத்துப் படகில் ஏறக்குறைய 50 பேர் ஹாண்டலின் இசையை வாசித்தபோது அதில் ஹார்ன்களும் இருந்தன. 1721-ல் பாக் சமர்ப்பித்த 'பிராண்டன்பர்க் கான்செர்டோ' என்ற படைப்புகளில் முதலாவதில் இரண்டு ஹார்ன்கள் வேட்டை அழைப்பையே ஊதிக்கொண்டு உள்ளே வருகின்றன. மற்ற வாத்தியங்கள் நாகரிகமாகத் தங்கள் பாட்டைப் பாடிக்கொண்டிருக்க, இவை சேற்றுக் காலோடு கூடத்துக்குள் நடப்பது போல இருக்கும். 1724-ல் ஹாண்டல் 'ஜூலியஸ் சீசர்' ஓபெராவில் சீசர் பாடும் ஒரு பாட்டுக்குத் தனி ஹார்னைத் துணையாக வைத்தார். பாட்டே வேட்டைக்காரனைப் பற்றியதுதான்: இரையைப் பிடிக்க விரும்புகிறவன் சத்தமில்லாமல் ஒளிந்து போவான் என்று.

அந்தக் காலத்து ஓவியங்களைப் பார்த்தால் ஹார்ன்காரர்கள் பெல்லை மேலே தூக்கித்தான் பிடித்திருப்பார்கள். கை உள்ளே இல்லை. அதாவது அன்று தூக்குவதற்கு என்று தனிக் கட்டளை தேவைப்படவில்லை, அதுதான் வாசிக்கிற முறையே. இன்று பழைய முறையில் வாசிக்கிற குழுக்கள் சிலவற்றில் அந்த பிராண்டன்பர்க் கான்செர்டோவை அப்படியே ஊதுகிறார்கள். கேட்டால் ஒரு சுரம் கோணலாக இருப்பது தெரியும். வால்வும் கையும் இல்லாத குழாயில் இயற்கையாகக் கிடைக்கும் 11-ஆவது சுரம் சுத்த மத்தியமத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் ஏறக்குறைய நடுவில் விழும். பியானோ காதுக்கு அது தப்பு. எனக்கு அது வேட்டை நாய் வாசனை. மொஸார்ட்டின் அப்பா லியோபோல்ட் எழுதிய வேட்டை சிம்ஃபனியில் ஹார்ன்களை வேட்டையில் ஊதுவது போலவே முரட்டுத்தனமாக, முடிந்த அளவு பலமாக ஊதச் சொல்லியிருக்கிறார். கூட நாய் குரைப்பும் துப்பாக்கிச் சத்தமும் வேறு உண்டு.

திருப்பம் ஜெர்மனியின் டிரெஸ்டனில் வந்தது. அங்கே அரசவை இசைக்குழுவில் இருந்த ஹாம்பல் என்ற ஹார்ன்காரர், 1750-ஐ ஒட்டி, கையைப் பெல்லுக்குள் வைத்து வாசிக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். கதையை 1807-ல் பாரிஸில் வெளியான தன் ஹார்ன் பாடநூலில் டோம்னிக் சொல்கிறார்: ஒலியை மென்மையாக்க ஹாம்பல் பெல்லுக்குள் பஞ்சுத் தக்கை ஒன்றைச் செருகினாராம், சுருதி மாறியதைக் கண்டு திடுக்கிட்டு, தக்கையின் வேலையைக் கையே செய்துவிடும் என்று புரிந்துகொண்டாராம். கையைக் கொஞ்சம் மூடி, கொஞ்சம் திறந்து, இயற்கைக் குழாயில் இல்லாத சுரங்களையெல்லாம் பிடிக்கலாம். அதோடு பெல் கீழே இறங்கியது, ஒலி வட்டமானது, ஹார்ன் வீட்டுக்குள் உட்காரப் பழகிக்கொண்டது. 1810-களில் வால்வு வந்து எல்லாச் சுரமும் விரல் நுனியில் கிடைத்த பிறகு கைக்கு அந்த வேலை போய்விட்டது. ஆனாலும் கையை யாரும் வெளியே எடுக்கவில்லை, அந்த மென்மை பிடித்துப்போனதால்.

என் கருத்தில் மாலரின் கட்டளையை இந்த இடத்திலிருந்துதான் படிக்க வேண்டும். அவர் புதிதாக ஒரு வித்தையைச் சேர்க்கவில்லை. நூற்றைம்பது வருடம் முன்பு உள்ளே போன கையைச் சில நிமிடத்துக்கு வெளியே எடுக்கச் சொல்கிறார்.

மாலருக்குப் போகும் முன் ஓபெராவில் இருந்து ஒரு தலைகீழ் உதாரணம். க்ளுக் என்ற இசையமைப்பாளரின் 'அல்செஸ்ட்' பாரிஸில் 1776-ல் மேடையேறியது. அதில் கணவனுக்காக உயிரை விட வந்த அல்செஸ்டைப் பாதாள தேவன் ஒருவன், "கேரன் அழைக்கிறான், குரலைக் கேள்" என்று கூப்பிடுகிறான். கேரன் இறந்தவர்களைப் படகில் அக்கரைக்குக் கொண்டுபோகிறவன். அந்த அழைப்பை ஹார்ன்கள் ஊதுகின்றன. இரண்டு ஹார்ன்களின் பெல்களையும் ஒன்றோடொன்று வாய்க்கு வாய் ஒட்டி ஊதவைக்கும் யோசனை க்ளுக்குக்கு வந்ததாகப் பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ் தன் வாத்திய நூலில் எழுதுகிறார். ஒன்றின் ஒலி மற்றதில் மோதி அடங்கி, எங்கோ ஆழத்தில் இருந்து வருவது போலக் கேட்குமாம். பாருங்கள், இதுவும் ஓபெராக் குழிக்குள் நடந்தது. பெல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது காதுக்கு ஒரு கதை சொல்லும் என்று நாடக அரங்கில் வேலை செய்தவர்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிறதா என்பது அவர்களுடைய முதல் கவலையே இல்லை.

மாலரும் அந்த ஜாதிதான். சிம்ஃபனி எழுதியது கோடை விடுமுறைகளில். சம்பளம் வாங்கியது ஓபெராவில். முதல் சிம்ஃபனி முதன்முறை ஒலித்த 1889 நவம்பர் 20 அன்று அவர் புடாபெஸ்ட் ஓபெராவின் இயக்குநர். அன்றைய வரவேற்பு சரியில்லை. அப்புறம் வருடக்கணக்கில் திருத்தினார், ஒரு முழுப் பகுதியையே எடுத்தார். இன்று வாசிக்கப்படும் பதிப்பில் ஏழு ஹார்ன்கள். கடைசிப் பகுதியின் முடிவில், மற்ற எல்லா வாத்தியங்களையும் மீறி எழ வேண்டிய அந்தத் துதிப் பாட்டு வருகிற இடத்தில், ஹார்ன்காரர்கள் எல்லோரும் எழுந்து நின்று முடிந்த அளவு பலத்தோடு ஒலிக்க வேண்டும் என்று எழுதிவைத்தார். போதாவிட்டால் ஆளைக் கூட்டிக்கொள்ளலாம், ஒரு டிரம்பெட்டும் ஒரு டிராம்போனும் கை கொடுக்கலாம் என்றும் சேர்த்தார்.

அந்தப் பாட்டு எங்கிருந்து வருகிறது என்பதையும் கவனியுங்கள். சிம்ஃபனி தொடங்கும்போது, விடியலுக்கு முந்தைய அமைதி மாதிரி ஒரு நீண்ட ஒற்றைச் சுரத்தின் மேல், மரக்குழல்கள் மிக மெதுவாக இரண்டு சுரத்தைக் கீழ்நோக்கி இறக்கிக்கொண்டிருக்கும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் கழித்து எழுந்து நிற்கிற ஹார்ன்கள் ஊதுவது அதே இறக்கத்தில் இருந்து வளர்ந்ததைத்தான். அரைத் தூக்கத்தில் முணுமுணுத்தது பட்டப்பகலில் நின்று கத்துகிறது. அதை உட்கார்ந்து, தொடைக்குள் ஊதினால் சரியாக இருக்குமா?

மாலர் இந்தக் குறிப்பை ஹார்னோடு நிறுத்தவும் இல்லை. ஓபோ, கிளாரினெட்டுக்கெல்லாம் பெல்லைத் தூக்கச் சொல்லிப் பல சிம்ஃபனிகளில் எழுதியிருக்கிறார். இதில் உங்கள் அண்ணன் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. மரக்குழலில் ஒலி பெரும்பாலும் பக்கத்துத் துளைகளில் இருந்தே வெளியேறும், பெல் வழியாக முழுதாக வருவது எல்லாத் துளையும் மூடிய சுரத்தில்தான். எனவே கிளாரினெட்டைத் தூக்கினால் கிடைக்கிற மாற்றம் ஹார்னில் கிடைக்கிற அளவு இருக்காது. இருந்தாலும் தூக்கியவுடன் ஆட்கள் தைரியமாக, கொஞ்சம் முரட்டுத்தனமாக ஊதுவார்கள். அதையும் எதிர்பார்த்துத்தான் எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். டிரம்பெட்டுக்கு நிலைமை வேறு. அது எப்படியும் முன்னால்தான் ஊதுகிறது, தூக்கினால் நோட்டு ஸ்டாண்டுக்கு மேலே வரும், அவ்வளவுதான்.

இப்போது என் சொதப்பல். எங்கள் குழு அந்த சிம்ஃபனியை எடுத்தபோது எங்களிடம் இருந்தது ஐந்து ஹார்ன், இரண்டு பேரை வெளியிலிருந்து கூட்டி வந்தோம். முதல் ஒத்திகையில் அந்த இடம் வந்தது, ஏழு பேரும் ஆவலாக எழுந்தோம். எழுந்த பிறகுதான் நோட்டு ஸ்டாண்டுகள் இடுப்புக்குக் கீழே இருப்பது உறைத்தது. ஒருவர் குனிந்து படிக்க முயன்றார், குனிந்ததும் அவருடைய பெல் மறுபடி கீழே போய்விட்டது. நான் கையை முழுதாக வெளியே எடுத்தேன். சுருதி சட்டென்று ஏறிவிட்டது. ஏழு பேரும் ஒரே அளவு ஏறியிருந்தால்கூட எங்களுக்குள் சேர்ந்திருக்கும். ஒருவர் கையை எடுத்தார், ஒருவர் பாதி வைத்திருந்தார், ஒருவர் தூக்கவே மறந்துவிட்டார். முன்னால் இருந்த டிரம்பெட்காரர் திரும்பி எங்களைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. இது போதாதென்று, மணிக்கணக்கில் ஊதியதில் குழாயின் அடிவளைவில் தேங்கியிருந்த தண்ணீர், வாத்தியம் சாய்ந்ததும் இடம் மாறி, வெற்றி முழக்கத்துக்கு நடுவே 'களகள' என்று ஒரு ஓசை.

இசைக்குழுவை நடத்துகிற கண்டக்டர் நிறுத்தினார். "உட்காருங்கள்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அடுத்த வாரத்துக்குள் நாங்களே பேசி முடிவு செய்தோம். கடைசி இரண்டு பக்கம் எல்லோருக்கும் மனப்பாடம். பெல் தோள் உயரம் வரைக்கும் போதும், தலைக்கு மேல் வேண்டாம். கை வெளியே வராது. விரல்களை நேராக்கி உள்பக்கச் சுவரோடு ஒட்டிவைத்துக்கொள்வோம், அதில் சுருதி அதிகம் ஏறாது, ஒலியும் திறந்துவிடும். எழுவதற்குச் சற்று முன் வருகிற ஓய்வில் ஒவ்வொருவரும் வாத்தியத்தைத் திருப்பித் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். இரண்டு நீளக் குழாய்களை ஒன்றாக இணைத்த டபுள் ஹார்ன் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. தொடையின் தாங்கல் இல்லாமல் பிடித்து ஊத இடது கைக்கும் பயிற்சி வேண்டியிருந்தது. பெரிய குழுக்களில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் சர்வசாதாரணம். ஆனால் அவர்களிலும் பலர் முழுதாகக் கையை எடுப்பதில்லை. வெளியே தெரிகிற அசைவு பெரிதாகவும் உள்ளே நடக்கிற மாற்றம் அளவாகவும் பார்த்துக்கொள்வார்கள். அந்த வகையில் உங்கள் அண்ணன் 'ஷோ' என்றதை நான் முழுதாகத் தள்ளமாட்டேன். சுருதி விலகி முழுதாகத் தூக்குவதைவிடச் சுருதியோடு பாதி தூக்குவதே மேல் என்பது என் கட்சி. இதற்கு மாறான கட்சியும் உண்டு: கொஞ்சம் விலகினால்தான் காடு மாதிரி இருக்கும் என்பார்கள். எனக்கு எரிச்சல் தருவது வேறொன்று. ஸ்கோரில் குறிப்பே இல்லாத இடங்களில், கைதட்டலுக்காக ஹார்ன்காரர்களைத் தூக்கச் சொல்கிற கண்டக்டர்கள் இருக்கிறார்கள். கச்சேரிக்கு நாலு முறை தூக்கினால் ஐந்தாவது முறை யார் நிமிர்ந்து பார்ப்பார்கள்?

சரி, குழிக்கு வருவோம். ஓபெராக் குழியில் ஹார்ன்காரர்கள் பல அரங்குகளில் மேடையின் விளிம்புக்கு அடியிலோ பக்கச் சுவரை ஒட்டியோ உட்கார்ந்திருப்பார்கள். பெல்லுக்கும் சுவருக்கும் இடையே ஒரு முழம் கூட இருக்காது. அங்கே உயரத் தூக்க இடமே இருக்காது, தாழ்வான கூரையில் பெல் இடித்துக்கொண்ட கதைகள் ஹார்ன்காரர்களிடம் ஏராளம். ஆனால் தூக்குகிற அளவுக்கு இடம் இருந்தால் பலன் கச்சேரி மேடையைவிடக் குழியில் அதிகம். மேடையில் பின் சுவர் ஒலியைத் திருப்பி அனுப்பும். குழியில் அது குழிக்குள்ளேயே சுற்றும். பெல் மேலே வந்தால்தான் பளபளப்பு விளிம்பைத் தாண்டி அரங்குக்குள் ஏறும்.

ஜெர்மன் ஓபெரா இசையமைப்பாளர் வாக்னர் இதே பிரச்சினையை வேறு வழிகளில் அணுகினார். அவருக்குக் காட்டுக் கொம்பு வேண்டுமென்றால் குழியிலிருந்தே வெளியே எடுத்துவிடுவார். 'டான்ஹாய்ஸர்' முதல் அங்கத்தின் முடிவில் பிரபுவின் வேட்டைக் கூட்டம் நெருங்கும்போது 12 ஹார்ன்கள் மேடைக்குப் பின்னால் இருந்து ஊதுகின்றன. 'ஸீக்ஃப்ரீட்' ஓபெராவில் நாயகன் காட்டில் ஊதும் புகழ்பெற்ற அழைப்பையும் ஒரு ஹார்ன்காரர் மேடை மறைவில் தனியாக நின்று ஊதுவார்; அங்கே பெல்லை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளலாம். இன்னொரு பக்கம், 'ஸீக்ஃப்ரீட்' உள்ளிட்ட நான்கு ஓபெராக்கள் கொண்ட தொடருக்காகவே 'வாக்னர் டியூபா' என்ற புது வாத்தியத்தையும் அவர் உண்டாக்கினார். ஹார்ன்காரர்களே வாசிப்பது, ஆனால் பெல் நிரந்தரமாக மேலே பார்த்தபடி, கை உள்ளே போகாமல். தூக்கு என்று சொல்லவே வேண்டியதில்லை. 1876-ல் திறந்த தன் பைராய்ட் அரங்கில் குழியையே மூடி போட்டு மறைத்துவிட்டார். அங்கே வாத்தியக்காரர் சட்டை போடாமல் வாசித்தாலும் ஒருவருக்கும் தெரியாது. காதுக்கு மட்டும்தான் எல்லாமே.

பாலேக்குப் பெரிய உதாரணம் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தச் சடங்கு'. 1913 மே 29, பாரிஸில் அந்த வருடம்தான் திறந்திருந்த ஷான்ஸ் எலிஸே அரங்கம். நடனம் நிஜின்ஸ்கி, கண்டக்டர் பியேர் மோன்டே. அரங்கில் அன்று எழுந்த கூச்சல் எல்லோருக்கும் தெரிந்த கதை. குழிக்குள் எட்டு ஹார்ன்கள் இருந்தன. அவர்களில் இரண்டு பேர் இடையில் வாக்னர் டியூபாவுக்கு மாறுவார்கள், அவை ஏற்கெனவே வானம் பார்த்தவை. மற்ற ஹார்ன்களுக்குப் பெல்லைக் காற்றில் தூக்கு என்ற பிரெஞ்சுக் குறிப்பு அந்த ஸ்கோரில் வருகிறது. ரசிகர்கள் பார்க்க வேண்டியது மேடையில் காலை உதைத்துக் குதிக்கிற ஆட்டக்காரர்களை. குழியில் யார் எதைத் தூக்கினார்கள் என்று யாரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். எனவே அங்கே அந்தக் குறிப்பு முழுக்க முழுக்கச் செவிக்கானது. கிறிஸ்தவத்துக்கு முந்தைய ரஷ்யாவில் ஒரு பெண்ணைப் பூமிக்குப் பலி கொடுக்கிற கதை அது. மெருகேறிய வரவேற்பறை ஹார்ன் அதற்குச் சரிப்படாது, மெருகைச் சுரண்டி எடுத்தாக வேண்டும். உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. இன்று அதே படைப்பைப் பெரும்பாலும் ஆட்டம் இல்லாமல், கச்சேரி மேடையில் வாசிக்கிறார்கள். குழியில் காதுக்காக எழுதியது இப்போது கண்ணுக்கும் கிடைத்துவிட்டது, அவ்வளவே.

அண்ணனோடு பந்தயம் கட்டுவதாக இருந்தால் வீடியோவை வைத்துக் கட்டாதீர்கள். ஒலிப்பதிவில் மைக்குகள் வாத்தியங்களுக்கு மேலேயும் பக்கத்திலும் தொங்கும். பெல் எங்கே பார்த்தாலும் பொறியாளர் அளவைச் சரிசெய்துவிடுவார். நேரில் போங்கள். பெர்லின் ஃபில்ஹார்மனி மாதிரி இசைக்குழுவைச் சுற்றி நாலு பக்கமும் இருக்கைகள் உள்ள அரங்கு கிடைத்தால் இன்னும் நல்லது. அண்ணனை முன்னால் உட்காரவைத்துவிட்டு நீங்கள் இசைக்குழுவுக்குப் பின்னால், ஹார்ன்களுக்கு நேர் பின்வரிசையில் உட்காருங்கள். அங்கே மாலை முழுவதும் பெல்கள் உங்களைப் பார்த்தபடியே இருக்கும், மற்றவர்களுக்குப் பனிக்கு அப்பால் கேட்கிற ஹார்ன் உங்களுக்கு மட்டும் முகத்துக்கு நேரே கேட்கும். கடைசியில் ஏழு பேரும் எழுந்து தூக்கும்போது அண்ணன் பக்கம் சூரியன் உதிக்கும். உங்கள் பக்கம் பளபளப்பு குறைந்து, வரிசையாக ஏழு முதுகுகள் மட்டும் தெரியும்.